நொச்சியின் மேல் கொட்டிய கல்

தாராவியில் தோல் பை தைக்கும் மாரீஸ்வரி, ஞாயிற்றுக்கிழமைகளை மித்தி ஆற்றங்கரைக்கே கொடுத்துவிடுவாள். வெள்ளம் கரையை அரிக்காமலிருக்க, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நொச்சியும் வெட்டிவேரும் நட்டு வளர்த்துவந்தாள்.

அன்று காலை அவள் போனபோது, இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் நொச்சிகளின் மேல் குவிந்து கிடந்தன. கொட்டிய லாரி பக்கத்திலேயே நின்றது. அதன் டிரைவர் அவளுடைய சந்திலேயே குடியிருக்கும் செல்வம்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “ஏல, கண்ணு அவிஞ்சா போச்சு?”

“லாரிக்கார சேட் கொட்டச் சொன்னாரு, கொட்டுனேன். நாலு செடிக்கு ஏன்க்கா இப்படிக் கத்துதிய?”

“வெள்ளம் வந்தா பிள்ளையத் தூக்கிட்டு ஓடப்போறது நீயால, உங்க சேட்டா?”

செல்வம் வண்டியை நோக்கி நடந்தான். அவள் முந்திப் போய்ச் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அம்புட்டையும் அள்ளி ஏத்து. பொறவு சாவி தாரேன்.”

“போலீஸுக்குப் போவேன்க்கா.”

“வா, நானும் வாரேன். ஆத்தங்கரையில கல்லு கொட்டலாமான்னு அங்கயே கேப்போம்.”

அவன் போகவில்லை. மண்வெட்டியை எடுத்தான். லாரி நிறைய மதியமாயிற்று. சாவியை அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள்.

லாரி போன பிறகும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை. ஒடிந்த நொச்சிக் கொம்புகளை நறுக்கி, சேட்டைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக ஈரமண்ணில் ஊன்றினாள்.