யார் தலையில் கை வைத்தேன்?

தீப்பெட்டி ஆபீசில் பதினோரு வருஷம் கட்டை அடுக்கியவள் நான். சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாகச் செருகுவதை அப்படித்தான் சொல்வோம். அந்த வேலையை மெஷின் பிடுங்கிக்கொண்டதும், கோவில்பட்டியில் அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தேன். "பொம்பளைக்கு எதுக்கு டிங்கர் வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "சுத்தியல்ல ஆம்பளைன்னு பேரு வெட்டியிருக்கோ?" என்று திருப்பிக் கேட்டேன்.

அந்த வாய் முதல் வாரமே அடங்கிவிட்டது. பாடம் எடுத்த சார் என்னைவிட எட்டு வயது சின்னவர். பளபளவென்று இருந்த ஒரு கதவைத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் கண்ணை மூடி நின்றார். "இங்கன பள்ளம் இருக்கு, அக்கா." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே வெளியே தூக்கி வெயிலில் நிறுத்தினார். சரியாக அதே இடத்தில் வானம் நெளிந்து தெரிந்தது. அடேயப்பா! கண்ணுக்குத் தப்பியதை உள்ளங்கை பிடிக்கிறதே! அன்று முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தேர்வுக்கு ஆளுக்கு ஒரு நசுங்கிய கதவு. தேறினால் கயத்தாறு ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. தேறாவிட்டால் திரும்பிப் போகத் தீப்பெட்டி ஆபீசும் இல்லை. தட்டி நிமிர்த்தினேன், மிச்சப் பள்ளத்தில் பட்டி மாவு அப்பித் தேய்த்தேன். தேர்வுக்கு முந்தைய நாள் காலையில், கரிசல் புழுதி எழும்பாமல் தரையில் தண்ணீர் தெளித்து, கதவைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். அடித்த கையோடு பெயின்ட் அங்கங்கே விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் திறந்துகொண்டது.

சார் குனிந்து பார்த்தார். "அக்கா, தலையில கைய வச்சீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "நான் யாரு தலையில சார் கைய வச்சேன்? யாரு குடியக் கெடுத்தேன்?" என்று ஸ்பிரே கன்னோடு சண்டைக்கு நின்றேன்.

"ஐயோ, உங்க தலையத்தான் கேக்குதேன். எண்ணெ பட்ட இடத்துல பெயின்ட் நிக்காது."

அப்போதுதான் உறைத்தது. கட்டை அடுக்கும்போது குச்சி உரசி விரல் காந்தாமல் இருக்க, நொடிக்கொரு தரம் எண்ணெய்த் தலையில் கையைத் தேய்த்துக்கொள்வேன். பதினோரு வருஷப் பழக்கம், கதவைத் தடவும் முன்பும் கை தானாகத் தலைக்குப் போயிருக்கிறது. கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது.

காயவிட்டுத் தேய்த்து எடுத்தேன். தின்னர் போட்டுத் துடைத்தேன். தலையைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு சாயங்காலம் மறுபடி அடித்தேன். பெயின்ட் தானே பரவி, தானே சமமாகி நின்றது. என் முகம், பின்னால் தகரக் கூரை, அதற்கும் மேலே வானம், எதுவும் நெளியவில்லை. தாயே, இது நான் செய்ததா! மூச்சுவிடவே பயமாக இருந்தது.

மறுநாள் வந்த தேர்வாளர் கதவைக் கண்ணை மூடி இரண்டு தடவை தடவினார். "இதுல அடி எங்கன பட்டிருந்துதும்மா? தொட்டுக் காட்டுங்க."

தடவினேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நாள்கணக்கில் நானே தட்டிய இடம், என் கைக்கே அகப்படவில்லை.

"தெரியலையே, சார்."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டுத் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதினார்.

இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.