நூறு படிக்குக் கீழே மணல்

தலவாக்கலைச் சீமையிலேயே கடலில் இறங்கிய ஒரே பெண்பிள்ளை வேலாயிதான். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்கு வந்தவர்கள். ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வாந்தியெடுத்தபடி கடலைத் தாண்டியவர்கள். வேலாயியோ தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவள். குளிக்கிற பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு பெரிய தண்ணீர் கண்டதில்லை.

கண்டாக வேண்டும் என்ற ஆசையும் இருந்ததில்லை, அவளுடைய ஓரகத்தி நாகலெட்சுமி போய்விட்டு வரும்வரை. நாகலெட்சுமி துரை பங்களாவில் ஆயா. முப்பத்தாறாம் வருடம் தை மாதம் துரை குடும்பம் அவளைத் தெற்குக் கரைக்குக் கூட்டிப் போனது. அங்கே செங்குத்துப் பாறையின் உச்சியில் துரைக்கு ஒரு விடுமுறை பங்களா. பின்கதவைத் திறந்தால் நூறு படி, படி முடிந்தால் மணல். அந்த மணலை ஒரு பொடி டப்பா நிறையக் கொண்டுவந்து சாமி படத்தடியில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் திறந்து காட்டினாள்.

"தொட்டுப் பாரு வேலாயி. காலை வச்சா மெத்தையில வச்ச மாதிரி."

"எங்க அடுப்புச் சாம்பலும் அப்படித்தான்க்கா இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, வேலாயிக்கு அன்று சோறு இறங்கவில்லை. குழம்புக்கு உப்பு அள்ளினால்கூட, நாகலெட்சுமி கால் நனைத்த தண்ணீரிலிருந்து வந்ததுதானே என்று கை நின்றது.

ஆனி மழையில் துரையின் குழந்தைக்குச் சளி கட்டியது. கடல்காற்று வேண்டும் என்றார் டாக்டர். நாகலெட்சுமி அப்போது நிறைமாதக்காரி. துரைசாணி ஆள் தேடுமுன்பே வேலாயி குளித்து முழுகி பங்களா வாசலில் நின்றாள். ரயில் றொசல்லை ஸ்டேஷனைத் தாண்டும்போது அவள் மடியில் இரண்டு பொடி டப்பாக்கள் இருந்தன. நாகலெட்சுமியைவிட ஒன்று கூட.

கடற்கரை பங்களாவின் பின்கதவில் பூட்டுத் தொங்கியது. வேலாயி அதைக் காட்டிக் கேட்டபோது, சிங்களக் காவல்காரர் தலையை ஆட்டி, "வாரகன், வாரகன்" என்றார். சந்தைச் சிங்களம் அவளுக்குத் தெரியும். இந்தச் சொல் தெரியாது. ராமநாதபுரத்து மாமியார் வாய்க்கு வாய் "வாராக, வாராக" என்பாள். ஆகவே சாவியோடு யாரோ பெரியவர் வருகிறாராக்கும் என்று எடுத்துக்கொண்டாள். தினமும் தலைவாரி, குழந்தையை இடுப்பில் வைத்து, கதவருகே நின்று அந்தப் பெரியவரை எதிர்பார்த்தாள். பாறையின் அடியில் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது.

பதினெட்டாம் நாள், துரை வீட்டுச் சமையலுக்குக் கூட வந்திருந்த குசினிக்காரர் ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்குப் புள்ள காத்துக்கிட்டு நிக்கிற? கடல் கொந்தளிக்கிற காலத்துக்கு இவங்க பாசையில வாரகன்னுதான் பேரு. மணலெல்லாம் இப்பத் தண்ணிக்குள்ள. இனி மார்கழியிலதான் கதவு தெறப்பாங்க."

கடல்கூட அவளுக்கென்றால் விரிகிறது, எனக்கென்றால் சுருட்டிக்கொள்கிறது என்று வேலாயி வெறும் டப்பாக்களோடு ஊர் திரும்பினாள்.

நாகலெட்சுமி பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். பிள்ளை பார்க்க வந்த ஆண்டியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மணல் கொண்டாரலையா வேலாயி?" என்றாள் நாகலெட்சுமி.

"மணல் அள்ள நான் என்ன சின்னப்புள்ளையாக்கா? நூறு படியும் எறங்கி, கழுத்தளவு தண்ணியில நின்னேன்."

நாகலெட்சுமியின் முகம் சுண்டியது. "கழுத்தளவா? நான் மொழங்கால் வரைக்குந்தான்…"

வேலாயிக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு குளிர்ந்தது.

ஆண்டியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேருமே எறங்கல. தையில இந்த ஆயாவ மேலதான் நிக்கச் சொன்னாங்க. அந்த மணலு, தொரையோட நாயத் தொவட்டின துண்டுல உதறினது. அப்புறம், படி நூறு இல்ல, எழுவத்தி நாலு. தேத்தண்ணித் தட்டத் தூக்கிக்கிட்டுத் தெனம் எறங்கினவன் நானு."