சுவரோரக் கால்வாயில் செத்த கோழிகள்

பக்கத்துத் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் சாகின்றன. நான்கு நாளாக என் ஒன்பது கோழிகளையும் கூண்டைவிட்டு வெளியே விடவில்லை.

இன்று காலை கொல்லையில் ஒரே நாற்றம். எட்டிப் பார்த்தால், அந்தத் தெருக்காரர் ஒருவர் செத்த கோழிகளை எங்கள் சுவரோரக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது? காக்கா இத்த கொத்திக்கினு வந்து என் கூண்டு மேலதானே உக்காரும்?"

"காக்காவ நான் இன்னாமா பண்றது?"

மூக்கைப் பொத்திக்கொண்டு நானே குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அவர் நின்று வேடிக்கை பார்த்தார். தலைக்குக் குளித்த பிறகுதான் கூண்டுப் பக்கம் போனேன். என் கோழிகள் இதுவரை நன்றாகத்தான் இருக்கின்றன.

சாயங்காலம் மறுபடி தெருவில் அவரைப் பார்த்தேன். "உங்க வீட்ல இன்னும் ரெண்டு சீக்குக் கோழி இருந்துச்சே?"

"அதுங்களுக்கு உசுரு இருந்துச்சும்மா. காலைலயே பிரியாணிக் கடைக்குக் குடுத்துட்டேன்."

எந்தக் கடை என்று சொல்ல மறுத்துவிட்டார். இன்று மதியம் பெரிய காஞ்சிபுரத்தில் சிக்கன் பிரியாணி சாப்பிட்டவர்கள் யார் யார்?