கொளுத்தாத மெழுகுதிரி

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் வாரநாட்களில் வாசலில்தான் சந்தித்துக்கொள்வார்கள். மாலையில் அப்பா இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து களைத்து வருவார். அம்மா ஆஸ்பத்திரியில் இரவுத் துப்புரவு வேலைக்குக் கிளம்புவார். "சோறு அடுப்பில இருக்கு." "ஓம்." டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் அவர்களுடைய இல்லறம் பெரும்பாலும் இவ்வளவு பேச்சில்தான் நடந்தது.

இலங்கை யுத்தத்தின் கடைசி மாதங்களில் அதில் ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "போன் வந்ததோ?" அம்மாவின் தம்பி வன்னியில் அகப்பட்டிருந்தார். மாமாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டுப் போன் இலக்கம் ஒன்றுதான். அதனால் அந்தப் போனை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தூசு தட்டும்போதுகூட அம்மா அதன் ரிசீவரைத் தூக்கமாட்டார்.

மே நான்காம் தேதி மாலை டேனிஷ்காரர் ஜன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரரிடமிருந்து நாடு விடுபட்ட செய்தி வானொலியில் வந்த மாலை அது. எதிர்க் கட்டடத்தில் தனியாக இருந்த வயதான பெண்மணி அந்த வருஷம் எங்களுக்கும் ஒரு வெள்ளை மெழுகுதிரி கொண்டுவந்து தந்தார். அம்மா அதை ஜன்னலில் வைத்தார், கொளுத்தவில்லை.

"ஏனம்மா?"

"யுத்தம் முடிஞ்ச ஆக்கள் கொளுத்தட்டும் பிள்ளை. நாங்கள் அவன்ர குரலைக் கேட்டாப்பிறகு கொளுத்துவம்."

இரண்டு கிழமை கழித்து, யுத்தம் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. அப்பா ஜாக்கெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். போன் பேசாமல் கிடந்தது.

மறுநாள் அந்தப் பெண்மணி கேக் பெட்டியோடு வந்து நின்றார். "தில்லுக்கே!" என்று அம்மாவின் கைகளைப் பிடித்து வாழ்த்தினார். உங்கள் யுத்தமும் முடிந்ததே, இன்னும் ஏன் மெழுகுதிரி எரியவில்லை என்று சிரித்தபடி கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரை எப்படிக் குறைசொல்வது? அவருடைய சின்ன வயதில் யுத்தம் முடிந்தபோது சனம் தெருவில் இறங்கி ஆடியிருக்கிறது. எங்கள் ஆட்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

அம்மா கோபிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷில், "என் தம்பி இன்னும் அழைக்கவில்லை" என்றார். பெண்மணியின் முகம் செத்துப்போனது. பெட்டியைத் திறப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் போனுக்குப் பக்கத்தில் வெகுநேரம் இருந்தார்கள். அம்மா வேலைக்குப் பிந்திப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமா அழைக்கவில்லை. வேறு ஊரில் நல்ல வேலை கிடைக்கிறது, போவமோ என்று அப்பா ஒருமுறை கேட்டார். "நம்பர் மாறிப்போமெல்லே" என்றார் அம்மா. அப்பா பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்கு அம்மாவின் பிடிவாதத்தில் எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த மே நான்காம் தேதி மாலை தெரு முழுக்க மெழுகுதிரிகள் எரிந்தன. எதிர் ஜன்னலில் அந்தப் பெண்மணி இரண்டு வைத்திருந்தார். ஒன்று எரிந்தது. மற்றதை அவர் கொளுத்தவில்லை.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே ஜாக்கெட்டைப் போட்டார்.

"போன் வந்தா உடன எடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.