நெஸ்டரை யார் இழுப்பது?

என் தங்கை புருஷன் நெஸ்டருக்கு உடம்பில் கொழுப்புக் குறைவு, இருக்கிறதெல்லாம் வாயில்தான். பனிக்காலத்தில், கனடாவில் எங்கள் கனோரா பக்கம் யாருடைய வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கினாலும், முதலில் போய் நிற்பது அவனுடைய சிவப்பு பிக்கப். கயிறு கட்டி இழுத்து மேலே விடுவான். காசு என்று எவனாவது வாயெடுத்தால் கோபித்துக்கொள்வான்.

எங்கள் ஊரில் அதற்குக் கூலி வேறு. இழுத்தவனுக்கு அந்தக் கதையைச் சொல்லும் உரிமை உண்டு. கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் பனி உருகும்வரை சொல்லலாம். விழுந்தவன் மூச்சு விடக்கூடாது. பாதிரியார் விழுந்த கதையை நெஸ்டர் ஈஸ்டர் வரைக்கும் ஓட்டினான். ஹால்வர் என்று ஒரு சாது மனிதர். அவர் மகனுக்குத் தன் மகளை நிச்சயம் பண்ணிய விருந்திலேயே அவர் விழுந்த கதையைச் சொன்னான் பாவி. அவன் மட்டும் விழுந்ததே இல்லை. "என் வண்டியில நாலு சக்கரமும் சுத்துது, எனக்கென்ன?" என்பான். நாலும் சுற்றினால் வண்டி கிளம்பும், சரி. நிற்குமா? அதை அவனிடம் யார் சொல்வது?

அவன் மகள் லரிஸாவின் கல்யாணம் ஜனவரியில் வந்தது. மூக்குமயிர் உறையும் குளிர். விருந்துக்காகப் பெண்களெல்லாம் கூடி உருளைக்கிழங்கு வைத்துப் பிடித்த பெரோகிக் கொழுக்கட்டை, டப்பா டப்பாவாக இருந்தது. அந்தக் குளிரில் பிக்கப்பின் பின்தொட்டியைவிட நல்ல ஃபிரிட்ஜ் ஏது? அதை ஏற்ற இடம் வேண்டுமென்று, வண்டியின் வால் வீசாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு மேலே போட்டிருந்த மணல் மூட்டைகளை இறக்கிவிட்டான்.

"மாப்ளே, மூட்டைய ஏன்யா எடுக்குற?"

"மணலுக்குப் பதிலாத்தான் பெரோகி இருக்கே மதினி!"

தலையில் அடித்துக்கொண்டு ஏறினேன். நடுவில் கல்யாண உடுப்புக்கடியில் கம்பளி பூட்ஸ் போட்ட லரிஸா, ஓரத்தில் அவளுடைய முக்காட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். என் தங்கை முன்னாடியே கோயிலுக்குப் போயிருந்தாள், புண்ணியம் செய்தவள்.

"ரோடு கண்ணாடியா மின்னுது, ஏன் இந்தப் பறப்பு?" என்றேன்.

"சம்பந்தி மாதிரி ஊர்ந்துக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

சொல்லி வாய் மூடவில்லை, கோயில் திருப்பம் வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தான். வால் வீசியது. வந்த வழியைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாகவே போய்ப் பள்ளத்துப் பனியில் மெத்தென்று உட்கார்ந்தோம். ஒருத்தருக்கும் அடியில்லை. முக்காடு மட்டும் பறந்துபோய் நெஸ்டர் தலையில் விழுந்திருந்தது.

அந்தக் கோலத்தோடே ஆக்சிலேட்டரை அமுக்கினான். வண்டி இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டது.

"நாலும் சுத்துது மாப்ளே, பாக்க ஜோரா இருக்கு."

லரிஸா போனை எடுத்தாள்.

"யாரையும் கூப்பிடாத! பின்னாடி மண்வெட்டி இருக்கு, நானே எடுத்துருவேன்."

"அப்பா, கோயில்ல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"ஊரே சிரிக்கும்மா!"

"நீங்க சிரிக்காத சிரிப்பா? எனக்குக் கல்யாணம் நடக்கணுமா, உங்க மானம் நிக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

நெஸ்டர் முக்காட்டைக் கழற்றினான். கசங்காமல் மடித்தான். "கூப்பிடு," என்றான். எனக்குப் பாவமாக இருந்தது; சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கோயிலே காலியாகி வந்துவிட்டது! வரிசையாகப் பிக்கப்புகள். ஆளாளுக்குத் தோளில் கயிறு. பாதிரியார் பூசை அங்கியோடு ஒரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு பனியில் தத்தித் தத்தி வந்தார்.

"தள்ளுங்கய்யா! அதிகம் விழுந்தவன் நான்தான், எனக்குத்தான் உரிமை!"

"முதல்ல விழுந்தது எங்கப்பா!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

"சாமி, நீங்க போய்ப் பூசையப் பாருங்க."

"பொண்ணு இங்க இருக்கா, அங்க யாருக்குப் பூசை?"

லரிஸா என்மேல் சாய்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "ஹால்வர் மாமா இழுக்கட்டும்!" என்று கத்தினாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே விலகியது.

ஹால்வர் நிதானமாகக் கயிற்றை மாட்டினார். அவர் இழுக்க, இந்த மனுஷன் பதற்றத்தில் மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்க, வண்டி அங்கேயே உறுமியது. ஹால்வர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். "சம்பந்தி, காலை எடுங்க."

"எடுத்துட்டேன்," என்றான், எடுக்காமல்.

"இறங்குங்கப்பா. நான் ஓட்டுறேன்," என்றாள் லரிஸா.

பெண்டாட்டிக்குக்கூடக் கொடுக்காத ஸ்டீரிங் அது. இறங்கிச் சுற்றிவந்து ஓரத்தில் ஏறினான். நான் நடுவில் ஒதுங்கினேன். லரிஸா கம்பளி பூட்ஸ் காலால் பூப்போல மிதித்தாள். கயிறு இறுகியது, வண்டி நோகாமல் ரோட்டுக்கு வந்தது. ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது.

"சம்பந்தி, கதையை எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டான் நெஸ்டர்.

"விருந்துலதான்," என்றார் அந்தச் சாது மனிதர், கயிற்றைச் சுருட்டியபடி.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். லரிஸா பிரேக்கைத் தொடாமல், முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனாள். கோயில் கும்மட்டம் தெரிந்தது. நெஸ்டர் முழங்காலில் முக்காட்டை வைத்துக்கொண்டு கும்மட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இவன் வாயிலிருந்தா!

"ஊர்ந்துக்கிட்டுதாம்ப்பா போறேன்."

"தெரியும்," என்றான். "கோயில் வந்துருதேம்மா."