அடுப்படிக் கதவில் போட்ட மேஜை

மதினி போய்விட்டார். காலையில் கெங்குவார்பட்டியிலிருந்து போன்.

தொண்ணூறு வயது. கல்யாணச் சாவு என்பார்கள்... சொல்லட்டும். எனக்கு எண்பத்தெட்டு. இந்த மாதிரி போன்களை எடுத்து எடுத்து அலுத்துவிட்டது. என்னைத் "தம்பி" என்று கூப்பிட இனி யாரும் இல்லை.

போக முடியாது. எனக்கு இப்போது முட்டி மடங்கவில்லை, அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்து போக மகன் விடமாட்டான். பேத்தி கற்றுக்கொடுத்த பேஸ்புக்கில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணனுக்குத் தச்சு வேலை. வீட்டோடு பட்டறை... வீடு என்பதே ஒரு அறையும் அடுப்படியும்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மலையிலிருந்து மரம் இறக்கும்போது ஒரு தடி உருண்டு அண்ணன் முட்டியில் ஏறிவிட்டது. எலும்பு கூடியது. முட்டி மடங்கவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் தச்சு வேலை என்றால் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு செய்வதுதான். உட்கார முடியாத ஆள் என்ன செய்வார்? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஆறேழு மாதம்...

எனக்கு அப்போது இருபது வயது. போடியில் வாத்தியார் வேலை கிடைத்த புதுசு. பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு. இனி அண்ணனுக்கு எதற்கு உளியும் இழைப்புளியும் என்று நானே முடிவு செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சாமான் பெட்டியை விலைக்கு எடுக்கப் பெரியகுளத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மதினி வாசலிலேயே மறித்துவிட்டார். "பெட்டி விக்கிறதுக்கு இல்ல. போயிட்டு வாங்க."

உள்ளேயிருந்து அண்ணன் குரல். "யாரு வந்தாக?"

"வழி கேட்டு வந்தாக. சொல்லி அனுப்பிட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "தம்பி, தேனி பசார்ல தையக்காரரு நின்னுக்கிட்டுத்தானே துணி வெட்டுறாக? மரத்த நின்னுக்கிட்டு இழைச்சா ஆகாதா? வாங்க, உங்க அண்ணனுக்கு ஒரு மேசை போடுவோம்."

பலகைக்கு எங்கே போவது என்றேன். அடுப்படிக் கதவைக் காட்டினார். நல்ல வேங்கைக் கதவு... இருவரும் சேர்ந்து கழற்றினோம். அன்று மத்தியானமே பக்கத்து வீட்டு ஆடு உள்ளே புகுந்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனது.

கால்களை எந்த நீளத்துக்கு அறுக்க வேண்டும் என்று மதினிதான் கோடு போட்டார். நான் அறுத்தேன். அவர் ஆணி அடித்தார். நிமிர்த்தி வைத்தால் மேஜை குடிகாரன் மாதிரி ஆடியது. மறுநாள் இன்னும் நாலு ஆணி. இன்னும் மோசம்.

மூன்றாம் நாள் அண்ணனால் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை.

"ஏலே! தொளை போட்டு எறக்காம ஆணியடிச்சா எப்படிலே காலு நிக்கும்? நல்ல கதவ நாசம் பண்றீகளே ரெண்டு பேரும்!"

மதினி இன்னொரு ஆணியை எடுத்து அடித்தார்.

கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார் அண்ணன். "தள்ளுலே அங்கிட்டு" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். உளியைக் கேட்டார்... மதினி கையில் தயாராக வைத்திருந்தார்.

மேஜை நின்றபோது, அதன் முன்னால் நின்ற அண்ணனின் மணிக்கட்டுக்குச் சரியாக இருந்தது. குனியவும் வேண்டாம், தோளைத் தூக்கவும் வேண்டாம். எப்படி என்று எனக்கு ஆச்சரியம்.

சாயங்காலம் அதே மேஜையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே மதினி குரலைத் தாழ்த்தினார். "அவுக தூங்கயில கயித்த வச்சு அளந்தேன் தம்பி. எங்கப்பாரும் இதே வேலதான். ஆணியடிச்சா காலு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

பிறகு அண்ணன் அதற்கு ஒரு மடக்குப் பலகையும், உளிகள் வைக்க ஒரு இழுப்பறையும் சேர்த்தார். பகலில் இழைப்பு. மரச்சுருளைத் தட்டிவிட்டுத் துடைத்தால் காய் நறுக்க, பிள்ளைகள் எழுத. மாங்காய்க் காலத்தில் பழப்பெட்டி அடிக்க. அந்த ஒரு மேஜையில்தான் மூன்று பிள்ளைகளும் ஆளானார்கள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் வருகிறவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமையடிப்பார். "நான் படுத்துக் கெடந்தப்ப எனக்கு மேசை போட்டுக் குடுத்தவன் இவன்தான்!" நான் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பேன். மதினி சோற்றைப் பரிமாறிக்கொண்டே இருப்பார். தலை நிமிரமாட்டார்.

பெரியகுளத்து ஆளைப் பற்றி அண்ணனுக்குச் சாகும்வரை தெரியாது. மதினி சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை.

சற்று முன் வீடியோ காலில் காட்டினார்கள். ஐஸ் பெட்டியை அந்த மேஜை மேல்தான் வைத்திருக்கிறார்கள். பின்னால் அடுப்படி தெரிந்தது... இன்னும் கதவு போடவில்லை. ஒரு பழைய சேலைதான் தொங்குகிறது.

அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். இன்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் மதினி.

போயிட்டு வாங்க.