அம்மா வந்தால்தான் வகுப்பு

மட்டக்களப்பில் நடந்த செயலமர்வுக்குப் போய்வந்த எங்கள் அதிபர், மறுநாள் காலைக் கூட்டத்தில் மார்தட்டினார். வாவிக்கரையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இனி எந்தப் பிள்ளைக்கும் வகுப்புத்தடை கிடையாதாம். பெற்றோரை அழைத்துப் பேசித்தான் தீர்ப்பாராம். ஆசிரியர்கள் கைதட்டினோம். நான் மனதாரத்தான் தட்டினேன்.

அந்த வாரமே என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளை அறைந்துவிட்டாள். "உன்ட அம்மா இனி வரமாட்டா" என்று அடிவாங்கியவள் சொன்னதுதான் காரணம். அறைந்தவளுடைய தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள்; தகப்பன் இல்லை.

"அம்மாவக் கூட்டித்து வா. அதுவரைக்கும் வகுப்புக்குள்ள ஏறாத" என்றார் அதிபர். பிள்ளையை வைத்துப் பார்க்கும் பெரியம்மா வந்து கெஞ்சினாள். தாய்தான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுவும் வகுப்புத்தடைதானே, சேர்?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். இது பெற்றோர் பங்களிப்பு."

பிறகு ஒரு காலை, பிள்ளை பெரியம்மாவின் போனைக் கொண்டுவந்து அதிபரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் தாய். யாருடைய குசினியிலோ அடுப்பருகே நின்று, குரலை அடக்கிப் பேசினாள்.

"சேர், நான் இந்தப் பிள்ளைட அம்மா. கெதியாச் சொல்லுங்க, மெடம் எழும்பப் போறா."

அதிபர் போனை வாங்கி, அழைப்பைத் துண்டித்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவருவது குற்றமாம்.

"இத அம்மா வந்து வாங்கித்துப் போகட்டும்" என்றார்.